எந்த டூல் படிக்கட்டும்? டிட்டாவா, மார்க்டவுனா, ஏஐ-யா

8 பிப்ரவரி 2025, கேள்வி

டெக்னிகல் ரைட்டிங்கில், அதாவது பொருள்களுக்குக் கையேடு எழுதும் வேலையில், மூன்று வருடம் ஆகிறது. இதுவரை வேர்டும், குழுவாகச் சேர்ந்து எழுதும் கன்ஃப்ளூயன்ஸ் தளமும்தான். வேலை மாறலாம் என்று பார்த்தால் ஒரு இடத்தில் டிட்டா (கையேட்டைத் துண்டு துண்டாக எழுதிச் சேர்க்கும் எக்ஸ்எம்எல் முறை) தெரியுமா என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கிட்டும் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் டூல்) மார்க்டவுனும் (வெறும் எழுத்தில் சில குறிகள் போட்டு எழுதும் முறை) கேட்கிறார்கள். மூன்றாவது இடத்தில், "ஏஐ எழுதிவிடும், நீங்கள் சரிபார்த்தால் போதும்" என்றார்கள். நண்பன் ஒருவன், எதையும் படிக்காதே, இந்த வேலையே இன்னும் இரண்டு வருடம்தான் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதில் நேரம் போடலாம்?

8 பிப்ரவரி, இரவு, பதில்

எதிலும் வேண்டாம். டூல் என்பது இரண்டு வாரச் சமாச்சாரம்.

நான் தொழிலுக்கு வந்தபோது கையில் கொடுத்தது வின்ஹெல்ப், விண்டோஸ் நிரல்களுக்கு உதவிக் கோப்பு செய்யும் முறை. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்த சரக்கு. எனக்குக் கிடைத்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. வேர்டில் எழுதி ஆர்டிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் அடிக்குறிப்பு போட வேண்டும். எண்ணுக்குப் பதில் # போட்டால் அது அந்தப் பக்கத்தின் அடையாளப் பெயர், $ போட்டால் தலைப்பு, கே எழுத்து போட்டால் தேடுசொல். லிங்க் வேண்டுமென்றால் சொல்லுக்கு இரட்டை அடிக்கோடு போட்டு, அதை ஒட்டியே போகவேண்டிய பக்கத்தின் பெயரை மறை எழுத்தில் தட்ட வேண்டும். இடையில் ஒரு இடைவெளி விழுந்தால் லிங்க் செத்தது. இதில் நான் கில்லாடி. யாருடைய லிங்க் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த உதவிக் கோப்பைத் திறக்கிற நிரலையே தூக்கிவிட்டார்கள். கில்லாடித்தனமும் கூடவே போயிற்று.

அப்புறம் அதன் வாரிசான சிஎச்எம் உதவிக் கோப்பு, 1997. அதிலும் கரை கண்டேன். 2005-ல் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. நெட்வொர்க் டிரைவில் வைத்த சிஎச்எம் எல்லாம் இடப்பக்கம் பொருளடக்கத்தை மட்டும் காட்டி, வலப்பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. கையேட்டைத் திறப்பது எப்படி என்று தனியாக ஒரு கையேடு எழுதினேன். நக்கல் இல்லை, உண்மையாகவே எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.

உதவிக் கோப்பு தயாரிக்கும் ரோபோஹெல்ப், ப்ளூ ஸ்கை கம்பெனியில் பிறந்து, அந்தக் கம்பெனி இஹெல்ப் என்று பேர் மாறி, 2003-ல் மேக்ரோமீடியாவுக்கும் அங்கிருந்து அடோபிக்கும் போனது. வெளியே வந்தவர்கள் மேட்கேப் என்ற கம்பெனி தொடங்கி ஃப்ளேர் என்ற டூல் செய்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நாங்கள் ஒரு தடவை மூட்டை கட்டினோம். ஆகவே டூலைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். எழுதியதில் வேண்டாததை வெட்டத் தெரிந்துகொள்ளுங்கள், கேள்வி கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

9 பிப்ரவரி

"கேள்வி கேட்க என்றால் என்ன கேள்வி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். நேற்று வாய்ச்சவடாலாகப் போய்விட்டது.

ரவுட்டர் மாதிரியான ஒரு பெட்டிக்குக் கையேடு எழுதினேன். அதில் ஒரு வரி: "மின் இணைப்பைத் துண்டித்து, 30 விநாடி காத்திருந்து, மீண்டும் இணைக்கவும்." ஏன் 30? தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டிருந்தார், நானும் போட்டேன். இரண்டு வருடம் அந்த வரியைப் பதினொரு கையேடுகளில் நகலெடுத்து ஒட்டினேன்.

ஒரு நாள் சப்போர்ட் குழுவிலிருந்து ஒருவர், வாடிக்கையாளர் 10 விநாடி போதாதா என்று கேட்கிறார், என்ன சொல்வது என்றார். எஞ்சினியரிடம் போய் நின்றேன். பழைய மாடலில் மின்தேக்கி வடிய நேரம் பிடிக்கும், அதற்காக 30 போட்டது. இப்போதைய மாடலுக்கு 5 போதும் என்றார். கிளம்பப் போனேன். "அதை விடு, திரும்ப இணைத்த பிறகு மூன்று நிமிஷம் தொடக்கூடாது, அது கையேட்டில் இருக்கிறதா?" என்றார். உள்ளே ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை ஓட்டும் நிரலை, எழுதிக்கொண்டிருக்குமாம். நடுவில் பிடுங்கினால் பெட்டி செங்கல்.

கையேட்டில் அது எங்குமே இல்லை. தேவையில்லாத காத்திருப்பைப் பதினொரு கையேட்டில் எழுதி, தேவையான காத்திருப்பை ஒன்றில்கூட எழுதாமல் விட்டிருக்கிறேன். இலக்கணப் பிழை ஒன்று கிடையாது, அட்டை அழகு.

"ஏன் 30?" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்த மாதிரிக் கேள்வியைத்தான் சொன்னேன்.

9 பிப்ரவரி, பிற்பகல்

திருத்தம். பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பதினொன்று இல்லை, பதினான்கு.

12 பிப்ரவரி

மூன்று நாளாக உறுத்துகிறது. டூல் முக்கியமில்லை என்று முதல் குறிப்பில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பாதியை.

அந்தப் பதினான்கு கையேடுகளையும் திருத்த எனக்கு எவ்வளவு நாள் ஆனது என்று யோசித்தேன். தப்பு தெரிந்த அன்றே அந்த மூன்று நிமிட வரியைச் சேர்த்துவிட்டேன், பத்து நிமிட வேலை. வாசகர் கைக்குப் போய்ச் சேர ஏழு மாதம். ஃப்ரேம்மேக்கரில் பதினான்கு புத்தகக் கோப்பு, ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, ஒப்புதல் வாங்கி, அடுத்த ரிலீஸ் வரை காத்திருந்து... அந்த ஏழு மாதத்தில் எத்தனை பெட்டி செங்கல் ஆனதோ.

ஆக, டூலை எடைபோட எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. தப்பு கண்ணில் பட்ட நேரத்துக்கும், திருத்தம் வாசகர் கண்ணில் படும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? அன்று எங்களுக்கு அது ஏழு மாதம், இப்போது இருபது நிமிடம். எடிட்டர் அழகாக இருக்கிறதா, வண்ணம் காட்டுகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

ஃப்ரேம்மேக்கரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் பக்கத்தை அசராமல் சுமந்த மென்பொருள் அது. வேர்டில் இருநூறாவது பக்கத்தில் படம் ஓடிப்போய்த் தலைப்பின்மேல் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

13 பிப்ரவரி

டிட்டா பற்றி இரண்டு பேர் கேட்டதால்.

ஐபிஎம்-மில் பிறந்தது, 2005-ல் ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரமாக ஆனது, 1.3 பதிப்பு 2015-ல். பெயரில் உள்ள முதல் எழுத்து டார்வின். மூல வகையிலிருந்து புது வகைகள் கிளைத்து, தாய்க்குரிய குணங்களோடு பிறக்கும் என்பதால் அந்தப் பெயர். தக்கன பிழைக்கும் என்பதும் அதில் சேர்த்தி போலிருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் எங்கள் குழுவில் இரண்டு பேர் பிழைக்கவில்லை.

அடிப்படை எளிது. விளக்கம், செய்முறை, தகவல் என்று டாபிக்கைப் பிரித்துவிடு. ஒன்றில் இன்னொன்றைக் கலக்காதே. செய்முறை டாபிக்கில் ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டளை இருந்தே ஆக வேண்டும். கட்டளை இல்லாத படியை எழுதினால் கோப்பே செல்லாது. "இப்போது திரை தோன்றும்" என்று ஒரு படியாக எழுதி ஏமாற்ற முடியாது. அது விளைவு, அதற்கு வேறு இடம். இந்த ஒரு கண்டிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏராளம். இன்று வெறும் நோட்பேடில் எழுதினாலும் "இங்கே வாசகர் என்ன செய்கிறார்?" என்று கை தானாக நிற்கிறது.

மறுபயன்பாடு அதைவிடப் பெரிய கவர்ச்சி. ஒரு வரியை ஓரிடத்தில் எழுதிவிட்டு மற்ற இடங்களில் கான்ரெஃப் என்ற சுட்டி போட்டு இழுத்துக்கொள்ளலாம். டிட்டாவுக்கு மாறியதும் நான் செய்த முதல் காரியம், அந்த 30 விநாடி வரியை ஒரே கோப்பில் போட்டு, பதினான்கு கையேட்டையும் அதோடு இணைத்து, 5 என்று மாற்றியதுதான். ஒரே தட்டு, பதினான்கும் சரி. அன்று என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

13 பிப்ரவரி, இன்னும் அதே விஷயம்

பதினான்கும் சரி இல்லை. மேலே எழுதும்போதே மனசுக்குள் ஏதோ இடறியது, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று.

பதினான்கில் ஒன்று பழைய மாடலுக்கான கையேடு, 30 விநாடி உண்மையிலேயே தேவைப்படுகிற மாடல். அதையும் 5 ஆக்கிவிட்டேன். நகலெடுத்து ஒட்டிய காலத்தில் பதின்மூன்று தப்பு, ஒன்று சரி. மறுபயன்பாட்டுக்கு வந்த பிறகு பதின்மூன்று சரி, ஒன்று தப்பு. முன்னேற்றம்தான். ஆனால் முன்பு சரியாக இருந்ததைத் தப்பாக்கியது நான், அதுவும் ஒரே தட்டில்.

இரண்டு இடத்தில் ஒரே வாக்கியம் இருப்பதனால் மட்டும் அது ஒரே வாக்கியம் ஆகிவிடாது. ஒரே காரணத்துக்காக அங்கே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே சொன்னது சேமிக்கும் சதவீதக் கணக்குதான்.

15 பிப்ரவரி

மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்டபோது அது வலைப்பதிவு எழுத ஒரு சுருக்கு வழி. அட்டவணை கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது. ஆளாளுக்கு ஒட்டுப்போட்டார்கள். 2014-ல் சிலர் கூடி ஒழுங்காக ஒரு வரையறை எழுதி "ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்" என்று பேர் வைத்தார்கள். க்ரூபர் அந்தப் பேருக்கு ஒத்துக்கொள்ளாததால் அது காமன்மார்க் ஆனது. பேருக்கே பஞ்சாயத்து நடந்த மொழி.

என் பிணக்கு எண்ணிட்ட பட்டியலோடு. ஏழு படி உள்ள செய்முறை. மூன்றாம் படியின் கீழ் ஒரு கட்டளை வரியைக் கோட் பிளாக்காகப் போட்டேன். உள்தள்ளவில்லை. வெளியீட்டில் 1, 2, 3 வந்து, அதற்குப்பின் மறுபடி 1. வாசகர் "5-ஆம் படி எங்கே?" என்று கேட்டு புகார் டிக்கெட் போட்டார். சரி, மூன்று இடைவெளி விட்டு உள்தள்ளினேன். காமன்மார்க் ஒத்துக்கொண்டது. அடுத்த வருடம் எம்கேடாக்ஸுக்கு, மார்க்டவுனை வலைத்தளமாக்கும் டூலுக்கு, மாறினோம். அதன் கீழே ஓடும் பைத்தான் நிரலுக்கு நான்கு இடைவெளி வேண்டும். நானூறு சொச்சம் பக்கத்தில் உள்பட்டியல் எல்லாம் வெளியே வந்து நின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்பேஸ் பார்தான்.

எண்ணிட்ட செய்முறைதான் உங்கள் சாப்பாடு என்றால் ஆஸ்கிடாக் என்ற இன்னொரு எழுத்து முறையைப் பாருங்கள். பட்டியலுக்குள் எதையும் ஒரு கூட்டல் குறியால் தொடரலாம். ஏன் அது மார்க்டவுன் அளவுக்குப் பரவவில்லை என்றால், டெவலப்பருக்கு ஏற்கெனவே தெரிந்தது மார்க்டவுன். அவர் வந்து ஒரு வரி திருத்தினால்தானே நமக்கு லாபம்? அவருக்குத் தெரியாத மொழியில் அவர் திருத்த மாட்டார். இதனால்தான், இத்தனை திட்டிவிட்டும், நான் மார்க்டவுனிலேயே எழுதுகிறேன்.

16 பிப்ரவரி

"வேர்டில் என்ன குறை?" என்று கேட்டவருக்கு: ஒரு குறையும் இல்லை. "கையேடு_இறுதி_புதியது_3_உண்மையான இறுதி" என்ற கோப்பை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

22 பிப்ரவரி

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் நான் ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் போடும் கட்சி. வாசகருக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு ரிலீஸில் பட்டன் வண்ணம் நீலத்திலிருந்து பச்சையானது. செயல்பாடு அப்படியே, ஒரு சொல்கூட மாறவில்லை. படங்கள் மட்டும் இருநூற்று முப்பது செல்லாமல் போயின. அவற்றை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த ரிலீஸ்.

அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டே கூடாது என்ற கட்சிக்குத் தாவினேன். அதுவும் தப்பு. ஒரு திரையில் ஒரே மாதிரி மூன்று பல்சக்கர ஐகான்கள் இருந்தன. "மேல் வலது மூலையில் இரண்டாவது சக்கரத்துக்குக் கீழுள்ள" என்று மூன்று வரி எழுதினேன். படம் போட்டிருந்தால் ஒரு நொடி. இப்போதைய நிலை: வாசகர் தேடித் தவிக்கும் இடத்தில் மட்டும் படம், அதுவும் தேவையான துண்டு மட்டும். திரை முழுவதையும் போடுவதில்லை. மூன்று சக்கரம் வைத்த ஆளுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல்.

1 மார்ச்

மொழிபெயர்ப்பு. இது பெரிய கதை.

ஏஎஸ்டி எஸ்டிஇ 100 என்று விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய ஆங்கிலத் தரம் ஒன்று உண்டு. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல் போகக்கூடாது, விளக்க வாக்கியம் 25. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். "ஃபாலோ" என்றால் பின்னால் வருவது மட்டும்தான். விதியைக் கடைப்பிடிக்கச் சொல்ல "ஒபே" போட வேண்டும். படிக்கும்போது சிறைச்சாலை மாதிரி இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என் பழைய கையேட்டில் "செக்" என்ற சொல்லை நான் ஆறு பொருளில் போட்டிருப்பதைப் பட்டியலிட்டு அனுப்பிய பிறகு, சிறைக்கு நானே போய்ப் படுத்தேன்.

வாக்கிய ஒழுங்கில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் புதியவர்கள், பட்டனை அழுத்து என்று தொடங்கி, விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் என்று முடிப்பார்கள். வாசகர் பாதியிலேயே அழுத்திவிடுவார். நிபந்தனையை முன்னால் போடு என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் "விளக்கு சிவப்பாக எரிந்தால் பட்டனை அழுத்தவும்" என்றுதான் வாயில் வரும்; வினை கடைசியில் நிற்பதால் நிபந்தனை தானாக முன்னே போய்விடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதை மனசில் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் அதே வினை கடைசியில் வருவதால், தமிழில் வாக்கியம் நீண்டால் வாசகர் என்ன செய்யவேண்டும் என்பது கடைசிச் சொல் வரை தெரியாது. "...அகற்ற" என்று வந்து, அடுத்த சொல் "வேண்டும்" ஆகவும் இருக்கலாம், "வேண்டாம்" ஆகவும் இருக்கலாம். 20 சொல் விதி நமக்கு இன்னும் அவசியம்.

30 விநாடிக்கு வருகிறேன், அது இன்னும் சாகவில்லை. மூலத்தில் திருத்தினேன் அல்லவா? மொழிபெயர்ப்புகளில் அது திருந்தவேயில்லை. மொழிபெயர்ப்பு நினைவகம் எப்படி வேலை செய்யும் என்றால், மூல வாக்கியத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் ஜோடியாகச் சேமித்து வைக்கும்; அதே மாதிரி வாக்கியம் மறுபடி வந்தால் பழையதை எடுத்து நீட்டும். முழுதாகப் பொருந்தாவிட்டாலும், கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று காட்டும். 30 போய் 5 வந்தது அதன் கண்ணுக்குக் கிட்டத்தட்டப் பொருத்தம். அவசரத்தில் இருந்த யாரோ "ஏற்றுக்கொள்" என்று அழுத்தியிருக்கிறார். அந்த ஜோடி சேமிக்கப்பட்டது. அதன்பின் "5 விநாடி" என்று மூலத்தில் வரும்போதெல்லாம் நூறு சதவீதப் பொருத்தம் என்று சொல்லி 30-ஐ நீட்டியது. நூறு சதவீதத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதற்குக் கூலியும் குறைவு.

9 மார்ச்

எச்சரிக்கைகள். கொஞ்சம் கடுமையாக எழுதப்போகிறேன்.

அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரத்தில் நான்கு சொற்கள் இருக்கின்றன. ஆபத்து என்றால், தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பெருங்காயம் நிச்சயம். எச்சரிக்கை என்றால் அது நடக்கக்கூடும். கவனம் என்றால் சிறு காயம். அறிவிப்பு என்றால் பொருட்சேதம். இதை மதிக்காமல் எல்லாவற்றுக்கும் மஞ்சள் முக்கோணம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கையேட்டில் முதல் பதினாறு பக்கமும் எச்சரிக்கை. குளியலறையில் வைக்காதீர்கள், விழுங்காதீர்கள். பதினாறு பக்கமும் வக்கீலுக்காக எழுதியது. வாசகர் அதைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவார், உண்மையான ஒன்றையும் சேர்த்துத் தாண்டிவிடுவார்.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள். டெக்சாஸில் 1986-ல் நடந்த இரண்டிலும் திரையில் வந்தது "மால்ஃபங்ஷன் 54". இயக்குபவரின் கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கம் கிடையாது. இயந்திரத்தோடு வந்த வேறொரு தாளில் இருந்ததும் "டோஸ் இன்புட் 2" என்ற ஒரு துண்டு. அந்த இயந்திரம் நாள்தோறும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டி நிற்பது வழக்கம். தொடர் என்பதற்கான விசையை அழுத்துவதும் வழக்கம். முதல் விபத்தில் அப்படியே அழுத்தினார்கள். அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்த இருவரும் பிறகு இறந்தார்கள். மூல காரணம் மென்பொருளும், வன்பொருள் பூட்டுகளை எடுத்ததும்தான். கையேடு கொல்லவில்லை. ஆனால் 54 என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் சொல்ல ஒரு வரி இல்லை.

பிழைச் செய்திப் பட்டியல் எழுதும் வேலையை ஜூனியரிடம் தள்ளுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். நானும் தள்ளியிருக்கிறேன்.

20 மார்ச்

ஏஐ பற்றி இத்தனை நாள் நழுவிவிட்டேன் என்று குற்றச்சாட்டு. சரி.

ஆறு மாதமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். எதில் உதவுகிறது: ரிலீஸ் நோட்ஸின் முதல் வரைவு, ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து (நிரல் இடைமுகத்தை விவரிப்பது) விவரப் பக்கம், என் வாக்கியத்தைச் சுருக்குவது, "இதைப் படித்தால் புதியவருக்கு எங்கே குழப்பம் வரும்?" என்று கேட்பது. கடைசியாகச் சொன்னது அருமை. எனக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாத ஓட்டைகளைக் காட்டுகிறது.

எதில் உதவவில்லை: எங்கும் எழுதப்படாததில். மூன்று நிமிடம் தொடக்கூடாது என்பது எஞ்சினியர் மண்டையில் இருந்தது. கோடில் இல்லை, டிக்கெட்டில் இல்லை. நான் கிளம்பப் போனபோது "அதை விடு" என்று தொடங்கிச் சொன்னார். அந்த "அதை விடு" வரும்வரை அங்கே நின்றுகொண்டிருப்பதுதான் வேலையில் பாதி.

இன்னொரு பக்கம், இப்போது நம் வாசகரிலும் பாதி இயந்திரம். எங்கள் ஆவணங்களை ஊட்டி ஒரு சாட்பாட் வைத்தார்கள். மூன்றாம் பதிப்பின் மெனுவையும் ஐந்தாம் பதிப்பின் பட்டனையும் சேர்த்து ஒரு செய்முறை சொன்னது, எந்தப் பதிப்பிலும் இல்லாத ஒன்றை, அத்தனை மரியாதையோடு. சாட்பாட்டைத் திட்டினோம். பிறகு பார்த்தால் எங்கள் பக்கங்களில் பதிப்பு எண் மேலே பட்டையில் மட்டும்தான் இருந்தது, பக்கத்துக்குள் எங்குமே இல்லை. இந்த மாதிரி சாட்பாட்கள் பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்துக்கொள்கின்றன. "மேலே சொன்னபடி", "முந்தைய அட்டவணையில் உள்ளது போல" என்பதெல்லாம் துண்டில் அநாதையாகிவிடும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், தேடுபொறியிலிருந்து நடுப்பக்கத்தில் வந்து குதித்த மனிதருக்கும் இதே அவதிதான் இருந்தது. ஐபிஎம்-மில் ஜான் கேரல் வேர்டு ப்ராசஸர் கற்பவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து 1990-ல் எழுதியதும் இதுதான்: ஆட்கள் வரிசையாகப் படிக்க மாட்டார்கள், தாவுவார்கள், தப்பு செய்வார்கள், அங்கேயே மீள வழி சொல்லு. மனிதர் முப்பது வருடமாகப் பட்ட கஷ்டத்துக்கு நாம் பக்கத்தைத் திருத்தவில்லை. இயந்திரம் தடுக்கி விழுந்ததும் மேனேஜர் ஒரே வாரத்தில் ஆள் ஒதுக்கினார்.

21 மார்ச்

எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி போடலாமா என்று கேட்டவருக்கு: 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்தது. இயந்திரம் படிக்கத் தோதான பட்டியலை ஒரே கோப்பில் தளத்தின் வேரில் வைப்பது. அரை நாள் வேலை, போடுங்கள். அதற்கு முன் செத்த பக்கங்களைத் தூக்குங்கள். குப்பைக்கு முகவரிப் பட்டியல் எழுதி என்ன பயன்?

6 ஏப்ரல்

நண்பன் சொன்ன "இன்னும் இரண்டு வருடம்" பற்றி மறுபடி கேட்டிருக்கிறீர்கள். 1953-ல் தொடங்கிய எஸ்டிசி, டெக்னிகல் ரைட்டர்களின் அமெரிக்கச் சங்கம், 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. வேலையின் பேர் மாறும் என்று நினைக்கிறேன். தட்டச்சு குறையும், விசாரிப்பது கூடும். நேர்முகத் தேர்வில் மட்டும் மூன்று டூல் பேரைக் கேட்பார்கள், ஆகவே கிட் ஒரு வாரம், டிட்டா பத்து நாள் பார்த்துவையுங்கள். முதல் நாள் "எதிலும் வேண்டாம்" என்றவன்தான் இதைச் சொல்கிறேன்.

27 ஏப்ரல்

12 பிப்ரவரிக் குறிப்பில் ஒரு ஓட்டை. திருத்தும் தூரம் இருபது நிமிடம் என்று பெருமையாக எழுதினேன். இன்று எங்கள் களஞ்சியத்தின் வரலாற்றைப் பார்த்தேன். அறுநூறு பக்கத்தில் பாதிக்கு மேல் இரண்டு வருடமாக ஒரு கமிட், அதாவது பதிவான ஒரு மாற்றம், இல்லை. திருத்தினால் இருபது நிமிடத்தில் போகும், உண்மை. தப்பு யார் கண்ணில் பட வேண்டும்?

1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் பல கட்டளைகளின் கீழே "பக்ஸ்" என்று ஒரு பகுதி உண்டு. இது இது சரியாக வேலை செய்யாது என்று எழுதினவரே ஒத்துக்கொள்வது. நான் எழுதிய எந்தக் கையேட்டிலும் அப்படி ஒரு பகுதி வைக்க என்னை விட்டதில்லை. விட்டிருந்தால் அந்த 30-ஐ அங்கே போட்டிருப்பேன்: "ஏன் என்று தெரியவில்லை."

18 மே

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதுப் பொருள் ஒன்றுக்கு ஏஐ-யிடம் நிறுவல் கையேட்டின் வரைவு கேட்டேன். நான்காம் படி: "மின் இணைப்பைத் துண்டித்து, 30 விநாடி காத்திருந்து, மீண்டும் இணைக்கவும்."

நான் கொடுத்த குறிப்பில் அந்த எண் இல்லை. சரி, இந்தத் தடவை விட மாட்டேன் என்று, அந்தப் பொருளின் எஞ்சினியருக்கு எழுதினேன். சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்தவர். எத்தனை விநாடி, ஏன் என்று இரண்டே கேள்வி.

மறுநாள் பதில் வந்தது. "30 சார். ஆதாரம் இணைப்பில்."

இணைப்பைத் திறந்தேன். பழைய சிஎச்எம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பக்கம். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, அட்டை அழகு, எழுதியது நான்.

"ஏன்?" என்று மட்டும் மறுபடி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நாளை நேரில் போகிறேன்.